பட்டாளத்துக்காரரும் அவர்தம் சங்கமும்

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் "பட்டாளத்துக்காரர் வீடு" என்று அடையாளம் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பட்டாளத்தை விட்டு வந்தபின் அவர் எவ்வாறு ஜீவித்தார் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? ஆகவே முன்னாள் படைவீரர் சங்கங்களின் வரலாற்றை இம்மலரில் சிறிது கூற விழைகிறோம்.

முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து லட்சத்துக்கும் அதிகம். போர் ஓய்ந்தபின், 1921-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்குமான படைவீரர் லீக் ஒன்றை ஹெய்க் பிரபுவும் ஸ்மட்ஸ் அவர்களும் தோற்றுவித்தனர். 1916-ல் சோம் போரில் எண்ணற்ற உயிர்களைப் பறிகொடுத்தவர் என்று பழிக்கப்பட்ட தளபதியே இந்த ஹெய்க். எஞ்சியவர்களுக்காக அவர் பிற்காலத்தில் உழைத்ததையும் சொல்லாமல் விடலாகாது.

இரண்டாம் உலகப்போரில் இந்தியச் சேனை 25 லட்சமாகப் பெருகிற்று. சென்னை மாகாணமும் ஏராளமானோரை அனுப்பியது. சங்கடம் இங்கேதான் ஆரம்பம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டுச் சேவை வேண்டும். 1939-க்குப் பின் சேர்ந்து, 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு 15 ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வரும்? பர்மாக் காடுகளில் குண்டுக்கும் மலேரியாவுக்கும் தப்பியவர் கையில் சிறு தொகையும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டுமே மிஞ்சின.

இவர்களை மறவாதிருந்தவர்கள் உடன் சேவித்த தோழர்களே. 1964-ல் இந்தியன் எக்ஸ்-சர்வீசஸ் லீக் என்று பெயர் பெற்ற நம் நாட்டுச் சங்கம், மேற்சொன்ன பழைய லீக்கின் வழிவந்த காமன்வெல்த் ஸ்தாபனத்தோடு இணைந்து, சுதந்திரத்துக்கு முன் சேவித்த முதியோருக்கும் விதவைகளுக்கும் உதவி கிடைக்க உழைத்தது. 2018-ல் பிரிட்டிஷ் அரசு அந்த ஸ்தாபனத்துக்குப் புதிதாக நிதி அளித்தது. அதன் இலக்கு, இம்முதியோருக்கு நாள்தோறும் இரு வேளை உணவு. தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவே!

2015-ல் படைவீரர் சங்கங்கள் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராடியதால் "ஒரே பதவி, ஒரே பென்ஷன்" ஆணை வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் பென்ஷனே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. அவர்களுக்கும் அவர்தம் விதவைகளுக்கும் நம் மாநில அரசு தனியே மாத உதவி வழங்குகிறது. அதற்குரிய அலுவலகம் நாமக்கல்லில் உள்ளது.

பல விதவைகள் உதவி பெறாமல் போவதற்குக் காரணம், கணவரின் பட்டாள ஏட்டில் மனைவி பெயர் பதியாமையே. மதராஸ் ரெஜிமெண்ட் வீரராயின், வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு அத்தாட்சியுடன் எழுத வேண்டும். பங்குக் கோயிலில் மந்திரித்த திருமணமாயின், திருமண ஏட்டின் நகலையும் பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பெற்று இணைக்கலாம்.