தமிழ்நாட்டில் குப்பைக் குறைப்புச் சட்டங்களும் தருமபுரி மாவட்டமும்

தமிழ்நாட்டின் குப்பைச் சட்டங்கள் நெடுங்காலம் குப்பையை அகற்றுவது பற்றியே பேசின. குறைப்பது பற்றிப் பேசவில்லை. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தெருக் குப்பையை வாரி அப்புறப்படுத்துவதை நகராட்சியின் கடமையாக்கியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தூய்மையை நோய்த்தடுப்போடு சேர்த்துப் பார்த்தது. வாரிய குப்பையில் எதை மீண்டும் பயன்படுத்தலாம் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. சாணமும் சாம்பலும் எருக்குழிக்குப் போயின. எச்சில் இலையை மாடு தின்றது. உடைந்த இரும்பும் ஈயமும் பேரீச்சம்பழக்காரர் கூடைக்குப் போயின. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, கேழ்வரகும் கால்நடையும் நிறைந்த அதன் ஊர்களில் மறுசுழற்சி என்ற சொல் இல்லாமலே அந்த வேலை நடந்துவந்தது.

நெகிழி இந்த ஒழுங்கைக் குலைத்தது. அதை மாடு தின்றால் செரிக்காது, மண்ணில் புதைத்தால் மக்காது, பழைய பொருள் வாங்குபவரும் மெல்லிய பைக்கு விலை தரமாட்டார். நகரக் குப்பை குறித்து அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்துத் தருவதை ஒவ்வொருவரின் கடமையாக்கின. இரண்டும் மத்திய அரசின் விதிகள். நிறைவேற்றும் சுமை உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது.

மாநில அளவில் முதல் முயற்சி கைகூடவில்லை. நெகிழிப் பொருள்களைத் தடைசெய்ய 2002இல் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தடையைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதம் வெளிவந்த அரசாணை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது. தூக்குப்பை, உணவு கட்டும் தாள், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், நெகிழி பூசிய தேநீர்க் குவளை உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன. நாடு தழுவிய தடை வந்தது 2022 ஜூலையில்தான். 2019இல் நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு அபராதமும் சேர்ந்தது: தெருவோரச் சிறு வியாபாரிக்கு முதல் தவறுக்கு 100 ரூபாய், பதுக்கிவைத்து விற்பவருக்கு 25,000 ரூபாய்.

ஆனால் ஆணையில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. ஆலையிலேயே அடைத்து வரும் பொருள்களின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பூக்காரம்மாவின் பைக்குத் தடை, பெரிய நிறுவனத்தின் பொட்டலத்துக்கு அனுமதி என்றானது. சிறு வியாபாரிகளின் மனக்குறை நியாயமானதே. அரசு 2020இல் இவ்விலக்கைத் திரும்பப் பெற்றது. ஆயினும் ஷாம்பு, எண்ணெய்ப் பொட்டலங்கள் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குவது நிற்கவில்லை.

இதன் விளைவை ஒகேனக்கல்லில் எளிதாகக் காணலாம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பது அவ்வூரின் வழக்கம். தலைக்கு ஓர் எண்ணெய் உறை, ஒரு ஷாம்பு உறை என்று வைத்தாலும், ஒரு விடுமுறை நாளில் பாறை இடுக்குகளில் எவ்வளவு சேரும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வெள்ளம் வந்தால் அத்தனையும் மேட்டூர் நோக்கிப் போகும். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரும் இதே ஒகேனக்கல் காவிரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் பல ஊர்களில் வைக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் வேறான வழியில் வந்தது மதுப் பாட்டில் திட்டம். காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவால், 2022 மே மாதம் நீலகிரியில் அது தொடங்கியது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கப்படும். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணம் கிடைக்கும். குடித்தவர் வீசி எறிந்தாலும் பொறுக்கி எடுப்பவர் விடமாட்டார் என்பதே இதன் சூட்சுமம். அபராதம் அதிகாரி வரும் நாளில் மட்டும் அச்சுறுத்தும்; முன்பணம் அன்றாடம் வேலை செய்யும். நீலகிரியில் விற்ற பாட்டில்களில் பெரும்பங்கு திரும்பி வந்தது. பின்னர் யானைக் காடுகள் கொண்ட தருமபுரி உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. காலிப் பாட்டில்களை எண்ணி அடுக்க இடமும் ஆளும் போதவில்லை என்று கடை ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒகேனக்கல் பாறைகளில் கிடக்கும் எண்ணெய் உறைக்கு இத்தகைய முன்பணம் இல்லை.