ஏட்டுக் குளோரின்

கதை எழுதுகிறவனுக்கு வில்லன் ஒருவன் வேண்டும். கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கும் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரின் கதையில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒருவனும் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் இரண்டு சகோதரர்கள். ஊராருக்குக் குடிதண்ணீர் விடுவது அவர்கள் உத்தியோகம்.

2000-ம் ஆண்டு மே மாதம் அங்கே அடைமழை. பக்கத்துப் பண்ணையில் இட்டிருந்த மாட்டெரு கரைந்து, ஊருக்குத் தண்ணீர் தரும் ஐந்தாம் நம்பர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. (முறைப்படி எரு இட்ட பண்ணைக்காரர்மேல் தப்பில்லை என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது.) 2,300 பேருக்குமேல் நோயில் விழுந்தார்கள்; ஏழு பேர் மாண்டார்கள்.

போதிய குளோரின் இருந்திருந்தால் கிருமி செத்திருக்கும். குளோரின் இருக்கத்தான் இருந்தது, ஏட்டில்! தினம் அளந்து எழுதவேண்டிய கணக்கில், அளக்காமலே லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் என்று வருஷக்கணக்காக எழுதி வந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்? பரிசோதனைக்கு அனுப்பும் புட்டிகளிலோ, தண்ணீர் எடுத்த இடம் ஒன்று, எழுதிய இடம் வேறு. மே 17-ந் தேதி சோதனைச்சாலையிலிருந்து, தண்ணீர் கெட்டிருக்கிறதென்று தகவல் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சுகாதார இலாகாவினர் டெலிபோனில் விசாரித்தபோது, மானேஜராக இருந்த சகோதரர் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்றார். மே 21-ல் இலாகாவே, காய்ச்சிக் குடியுங்கள் என்று ஊருக்கு அறிவித்தது.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. சுத்தம் செய்யாத கிணற்றுத் தண்ணீரை அந்த இருவருமே கவலையின்றிக் குடித்து வந்தவர்கள்! ஊராரும் குளோரின் வாடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நஞ்சு கலக்கிறவன் அதே குவளையில் தானும் குடிப்பானா?

லைசென்சு? இருவரிடமும் இருந்தது. அனுபவஸ்தர்கள் என்று பரீட்சை வைக்காமலே கொடுத்திருந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் 2002-ல் தந்த அறிக்கை சர்க்காரையும் விடவில்லை. தனியார் சோதனைச்சாலை, கெட்ட முடிவைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று அதற்குமுன் சட்டமே இல்லையாம்! அவ்வருஷமே குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2004-ல் வந்த விதிகளின்படி பரீட்சை கட்டாயம். தவறினால் லைசென்சை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

அந்த 2004-லேயே சகோதரர்கள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு ஓராண்டு சிறை. மற்றவருக்கு ஒன்பது மாதம் வீட்டுக்காவல். ஏழு உயிருக்கு இவ்வளவுதானா என்று ஊரில் சிலர் கேட்டார்கள்.