பின்தங்கும் அச்சும் எச்சரிக்கை மணியும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பில் சென்றவர்கள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். வண்டி எவ்வளவு திரும்பியது என்று கண்ணால் அளக்கிறார். குறையிருந்தால் மேலும் திருப்புகிறார். விளைவைப் பார்த்துக் கட்டளையைத் திருத்தும் இம்முறையே பின்னூட்டம் எனப்படும்.

'சர்வோ' என்னும் சொல்லின் வரலாறும் சுக்கானில்தான் தொடங்குகிறது. நீராவிக் கப்பல்கள் பெருத்தபோது சுக்கானைத் திருப்ப மாலுமியின் வலிமை போதவில்லை. கைப்பிடி நிற்கும் நிலைக்கே சுக்கானையும் கொண்டு நிறுத்தும் பொறியை ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்க்கோ 1873-ஆம் ஆண்டு தம் நூலில் விளக்கினார்; 'சர்வோ மோட்டார்', அதாவது ஏவலுக்கு அடிமையான பொறி, என்று பெயரிட்டார். 1934-இல் ஹெரால்டு ஹேசன் இதன் கணிதக் கோட்பாட்டை வகுத்தார். அவர் பணியாற்றிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், 1952-இல், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி மூன்று அச்சுகளில் இயங்கும் மில்லிங் எந்திரத்தைச் செய்து காட்டியது. இன்று கோவைப் பட்டறைகளில் ஓடும் சி.என்.சி. எந்திரங்கள் அதன் வழித்தோன்றல்களே.

இந்த அடிமை எப்போதும் சற்றே பின்தங்கித்தான் வருவான். கட்டளையிட்ட இடத்திற்கும் அச்சு நிற்கும் இடத்திற்கும் உள்ள வேறுபாடுதான் மோட்டாரை ஓட்டுகிறது. எளிய அமைப்பில், வேகத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால் இப்பின்னடைவு கிடைக்கும். வேகம் விநாடிக்கு 100 மி.மீ., பெருக்க எண் விநாடிக்கு 30 எனில், அது சுமார் 3.3 மி.மீ. குறித்த வரம்பை இது தாண்டினால் எந்திரம் நின்று அலாரம் காட்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் வேலை பார்த்த பட்டறையில் இந்த அலாரம் அடிக்கடி வந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தியே காலம் கடத்தினர். பிறகு வரம்பையே உயர்த்தினர். அலாரம் ஓய்ந்தது, பொருள்களின் அளவு தவறியது. மாணவர் மோட்டாரின் மின்னோட்டத்தைக் கவனித்தார். அது வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. ஆகவே மோட்டார் உழைக்கிறது, எதுவோ தடுக்கிறது என்று ஊகித்தார். வழித்தடத்திற்கு எண்ணெய் தரும் குழாய் அடைபட்டிருந்தது! மின்னோட்டமே இல்லாதிருந்தால் மோட்டாரை ஓட்டும் மின்சுற்றையும் கேபிளையும் ஆராய்ந்திருப்பார். அச்சு நகர்ந்தும் எண்ணிக்கை மாறாதிருந்தால், நிலையை அளக்கும் என்கோடரை ஐயுற்றிருப்பார்.

மலைச்சாலையில் வண்டி வளைய மறுத்தால் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொள்வாரா? அலாரத்தை அடக்குவதும் அதைப் போன்றதே.