படத்துக்குக் காசு கொடுத்தவர்

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, ஓசூர்ப் பக்கம் நீங்கலாக, சேலமும் பாரமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன. அதே ஆண்டு ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இவ்வழியே வந்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். ராயக்கோட்டை லண்டனில் அச்சேறியது அப்படித்தான். கோட்டை அடிவாரத்தில் தெரியும் மனிதர்களோ மலையின் உயரத்தைக் காட்ட வைத்த புள்ளிகள். தறிக்காரரையும் மரமேறியையும் படத்தின் பொருளாகவே வைத்து வரைந்தவர்கள், காவிரியோடு கீழே போனால் வரும் திருச்சி, தஞ்சாவூர் ஓவியர்கள்.

திருச்சியில் இதற்கென்றே ஒரு தொழில் 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத்தை மெல்லிய தகடாக உரித்து, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் நீர்வண்ணத்தால் வரைந்து, கட்டுக்கட்டாக வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். நாவிதருக்குக் கையில் அடைப்பம், கள் இறக்குபவருக்கு இடுப்பில் அரிவாள், பக்கத்தில் மனைவி. சில கட்டுகளில் முகம் ஓர் அட்டையில் மட்டும் இருக்கும். தகடுகளில் உடையும் கருவியும் வரைந்து முகத்தின் இடத்தை வெறுமனே விட்டிருப்பார்கள். ஒவ்வொரு தகடாக அட்டைமேல் வைத்தால் அந்த ஒரே முகம் வண்ணாராகும், சிப்பாயாகும். ஓவியருக்கு முகம் வரைய வராததால் இப்படிச் செய்தார் என்பது பொருந்தாது. அந்த அட்டை முகமே நுணுக்கமான வேலை. சீமைக்குக் கொண்டுபோகிறவருக்கு இன்னார் என்று தெரிய வேண்டியதில்லை, இன்ன தொழில் என்று தெரிந்தால் போதும். படத்தில் எது இருக்க வேண்டும் என்பதைக் காசு கொடுத்தவர்தான் முடிவு செய்தார் என்பது என் கட்சி.

புகைப்படம் வந்ததும் இந்த நிலை மாறி, ஆளுக்கு அவரவர் முகம் கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். கேமராவும் முதலில் பழைய வேலையைத்தான் தொடர்ந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற புகைப்பட நூல் மனிதர்களைச் சாதிவாரியாகவே அடுக்கியது. மாற்றம் வந்தது உள்ளூர்க்காரர் வாடிக்கையாளரான பிறகுதான். மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளைக்குத் தாலுகா அலுவலகக் குமாஸ்தா வேலை ஒட்டவில்லை, வாத்தியார் வேலையும் நிலைக்கவில்லை; உருவப்படம் வரைவதே சோறு போட்டது. 1949-இல் அரசவைக் கவிஞரான அவரை நாடு பாட்டுக்காக நினைக்கிறது, தூரிகையை மறந்துவிட்டது. வீட்டுப் பெரியவரின் படத்தைச் சுவரில் மாட்ட விரும்பிய குடும்பங்கள் அக்காலத்தில் முகச்சாயல் பிசகாத வேலையைக் கேட்டன. ஆனால் காசு கொடுத்தவர்கள் வசதி உள்ளவர்கள். அவர்களும் கோட்டு, தலைப்பாகை, நாற்காலியோடுதான் காட்சி தர விரும்பினார்கள். முகம் வந்தது, கருவி போய்விட்டது. அந்நாளைய அடைப்பம் எப்படி இருந்தது, கள் இறக்குபவர் எதை எங்கே செருகினார் என்று பார்க்க இன்றும் லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ள அப்பிரகத் தகடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.