மலாயாவுக்கு வந்த வக்கீல்

1946இல் பெட்டாலிங் ஜெயா என்றொரு ஊரே கிடையாது. இன்று வீடும் கடையும் நெருக்கியடிக்கும் அந்த மண்ணில் அப்போது நின்றவை எஃபிங்ஹாம் தோட்டத்து ரப்பர் மரங்கள். பக்கத்துக் கோலாலம்பூரிலிருந்து ஜப்பான்காரன் போய்விட்டான். ஆனால் கணக்குத் தீரவில்லை. திரும்பி வந்த வெள்ளைக்கார நிர்வாகம், ஜப்பானியருக்கு ஒத்துழைத்தார்கள் என்று பலர்மீது வழக்குப் போட்டது. அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக வாதாட இந்திய அரசு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிய வக்கீல் குழுவில் ஓர் இளைஞர்: பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் 1910இல் பிறந்த ஆர். வெங்கட்ராமன். பின்னாளில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர், அதற்கும் பின்னால் குடியரசுத் தலைவர்.

‘ஒத்துழைப்பு’ என்று சட்டம் ஒரே சொல்லில் முடித்துவிட்டது. நடந்ததோ அவ்வளவு நேராக இல்லை. தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டு மாண்டார்கள். மறுபக்கம், ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெயர் கொடுத்தவர்களில் பால்மரம் சீவிய கைகள் ஏராளம். கோலாலம்பூர்ப் பெண் ஜானகி, அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தளபதி நிலைக்கு உயர்ந்தார். நேதாஜி இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற ஜான் திவி, அதே 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் உருவான மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவர். ஒருவர் கண்ணில் துரோகி, இன்னொருவர் கண்ணில் தியாகி.

வெங்கட்ராமனுக்கும் சிறை புதிதல்ல. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இரண்டாண்டு உள்ளே இருந்தவர். ஊர் திரும்பியபின் தொழிலாளர் சட்டமே அவர் களம். 1949இல் அதற்கென்றே ஒரு சட்ட இதழைத் தொடங்கினார். 1950இல் தற்காலிக நாடாளுமன்றம், 1952இல் முதல் மக்களவை. 1957இல் மறுபடி வென்றும், அந்த இடத்தை உதறிவிட்டுக் காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையை ஏற்றார். கிண்டித் தொழிற்பேட்டை அந்தக் காலத்துப் பிள்ளை.

காங்கிரஸ்காரர்தான், ஆனால் பழக்கவழக்கத்தில் பழமைவாதி, காஞ்சிப் பெரியவரின் பக்தர். 1977இல் தென்சென்னையிலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினராகப் போய்ப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். அரசு செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் ரசீது கேட்கும் குழு அது. 1980இல் நிதி அமைச்சர், 1982 ஜனவரியில் பாதுகாப்பு.

அதே 1982 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியிலும் ஒரு சட்டப் படிப்பாளர் பாதுகாப்பு அமைச்சரானார். கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியின் மான்ஃபிரட் வோர்னர், போர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகளைத் தம் மண்ணில் நிறுத்துவதா என்று 1983இல் அவர் நாடு கொந்தளித்தது. வெங்கட்ராமன் முன்னிருந்த கேள்வி வேறு: ஏவுகணையைச் சொந்தமாகச் செய்வது எப்படி?

விஞ்ஞானிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் நீண்ட திட்டத்தோடு வந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாக ஏன் செய்யக்கூடாது என்று அமைச்சர் கேட்டதாக அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கலாமும் சக விஞ்ஞானி அருணாசலமும் ஒரே இரவில் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 1983இல் பிறந்தன பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். தளபதியாக அல்ல, தொழிற்பேட்டை கட்டிய ஆளாகத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. ஐந்தில் ஒன்று கரையேறவில்லை, திரிசூல் பிறகு கைவிடப்பட்டது.

அவர் பதவிக்காலத்தில்தான் 1984 ஏப்ரலில் இந்தியப் படை சியாச்சின் பனிமலை ஏறியது. ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள்ளும் நுழைந்தது. பின்னது ஆறாத காயம். ஆகஸ்டில் அவர் குடியரசுத் துணைத் தலைவரானார்.

1987 ஜூலை 25இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது முப்படைகளுக்கும் தலைமைத் தளபதி என்ற பட்டமும் கூடவே வந்தது. பட்டம் அவருடையது, முடிவெடுப்பது பிரதமர். நான்கே நாளில் பிரதமர் ராஜீவ் காந்தி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போனது. 1988இல் பிருத்வியும் 1989இல் அக்னியும் முதல் தடவையாகப் பறந்தபோது அந்தப் படை இன்னும் இலங்கையில்தான் இருந்தது. கடைசிப் பிரிவு கப்பலேறியது 1990 மார்ச்சில்.