'வெர்னாகுலர்': ஒரு பெயரடையின் வரலாறு

ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் 'வெர்னாகுலர் சான்றுகள்' என்றொரு தலைப்பை அடிக்கடி காண்கிறோம். வங்கம், மராத்தி, உருது, தமிழ் நூல்கள் அனைத்தும் அதன்கீழ் வருகின்றன. ஆங்கில நூல்களுக்கு மட்டும் அடைமொழி எதுவும் தேவைப்படுவதில்லை. இப்பெயரடையின் வரலாற்றை அறிந்தால் அந்தத் தலைப்பை நாம் அவ்வளவு எளிதாக எழுதமாட்டோம்.

இலத்தீனில் 'வெர்னா' என்பது ஆண்டானின் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறித்தது. அதனின்று தோன்றிய 'வெர்னாகுலுஸ்' என்ற சொல் 'வீட்டுக்குரிய', 'சொந்த நாட்டுக்குரிய' எனப் பொருள் விரிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் உரோமானிய அறிஞர் வார்ரோ, நீர்வாழ் உயிர்களின் பெயர்களை அயற்சொல், சொந்தச் சொல் எனப் பகுத்தபோது, சொந்தச் சொற்களைச் சுட்ட இதனையே ஆண்டார். அங்கே இழிவு ஏதுமில்லை. ஆகவே வேரில் அடிமை இருப்பதனாலேயே இது இழிசொல் ஆகிவிடாது. எந்த மொழிக்கு எதிரே நிறுத்தி இது வழங்கப்பட்டது என்பதே கேள்வி.

ஐரோப்பாவில் இலத்தீன் கல்விமொழியாக இருந்தவரை, அதற்கெதிரே ஆங்கிலமும் ஒரு வெர்னாகுலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் இலத்தீனின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்தது. 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கை உயர்கல்விக்கு ஆங்கிலம், பொதுமக்கள் கல்விக்கு வெர்னாகுலர் எனப் பிரித்தது. அதற்கு முன்பே, 1848இல், அகமதாபாத்தில் ஃபோர்ப்ஸ் நிறுவிய குஜராத் வெர்னாகுலர் சொசைட்டி இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியது. அது வளர்க்க முனைந்ததோ குஜராத்தி மொழியை. பின்னாளில் அச்சங்கம் குஜராத் வித்யா சபா ஆயிற்று.

இப்பகுப்பு 1878 மார்ச்சில் தண்டனைக் கருவியாயிற்று. லிட்டன் பிரபு கொண்டுவந்த வெர்னாகுலர் பத்திரிகைச் சட்டம், இந்திய மொழி ஏடுகளின் அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைப்பத்திரம் கோரவும், அச்சகத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தந்தது. நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ஆங்கில ஏடுகளை அது தீண்டவில்லை. அதுவரை வங்கமும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த அமிர்த பஜார் பத்திரிகா, உடனடியாக முழு ஆங்கில ஏடாக மாறியது. ஆசிரியர் அவரே, கருத்தும் அதுவே. மொழி மாறியதும் சட்டம் கைவிரித்தது. எழுதப்பட்டதன் தன்மையை அன்றி, எழுதிய மொழியின் நிலையையே அப்பெயரடை அளந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் நீங்கியது, சொல் நீங்கவில்லை.

தமிழில் நாம் இதனை 'வட்டார மொழி' என்று பெயர்த்துக்கொண்டோம். வட்டார வழக்கு என்பது ஒரு மொழிக்குள் அமைந்த ஒரு பகுதியின் பேச்சு. ஒரு முழு மொழியையே வட்டாரம் ஆக்கும் இப்பெயர்ப்பு மூலச்சொல்லினும் குறுகியது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துணைநூற்பட்டியலில் வங்க நூல்கள், தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என மொழிகளை அவற்றின் பெயராலேயே குறியுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் சொந்தப் பெயர் இருக்கிறது.