லயமும் வாயிலும்: தொழிலாளர் குடியிருப்பு வடிவமைப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாற்றை ஆராய்வோர் கூலி, கங்காணி முறை, கள்ளுக்கடை ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். தொழிலாளி உறங்கியெழுந்த லயம் அப்பேச்சில் பின்னணிக் காட்சியாகவே நின்றுவிடுகிறது. லயம் தானாக அமைந்ததன்று. திட்டமிட்டு வரையப்பட்ட கட்டடம். காலந்தோறும் அது திருத்தியும் வரையப்பட்டது. அத்திருத்தங்கள் எவற்றைக் கருத்திற்கொண்டன, எவற்றைத் தொடாது விட்டன என்பதை நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம். அதே வினா இன்றைய சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளுக்கும் பொருந்துவதால், கட்டுரையின் இறுதிப்பகுதி அவற்றையும் தொட்டுச் செல்லும்.

தொடக்ககால லயம் ஒரு நீண்ட கொட்டகை. பல தோட்டங்களில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்வாசல் இல்லை, காற்று ஊடுருவ வழியில்லை. அறைத்தடுப்புகள் பல இடங்களில் கூரையைத் தொடவில்லை. ஓர் அறையின் பேச்சு அடுத்த அறையில் கேட்டது. குடும்பத்தினரும் தனித்து வந்த ஆடவரும் ஓரறையைப் பகிர நேர்ந்தபோது சேலையே திரையாயிற்று. இவ்வடிவம் செலவைக் குறைத்தது. அத்துடன், விடியற்காலைப் பெரட்டுக்கு அனைவரையும் ஒருசேர எழுப்பவும் எண்ணவும் வசதியளித்தது. பின்னைய காரணத்தையே நாம் வலிமையுடையதாகக் கருதுகிறோம்.

இவ்வமைப்பை மாற்றத் தூண்டியது மரணம். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். பின்னர் அவர் கவனம் தோட்டங்களின்பால் திரும்பியது. தாழ்நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்தபோது காய்ச்சல் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ அதே முறை எதிர்விளைவைத் தந்தது. காரணம் கொசு இனத்தில் இருந்தது. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழல் படிந்த தேங்குநீரில் வளர்வது. மலைச்சாரலில் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. ஓடைக்கரைக் காட்டைத் துப்புரவாக வெட்டியவர்கள், தம்மையறியாமல் அக்கொசுவுக்கு வேண்டிய ஒளியை வழங்கினர். ஆதலின் மலைத்தோட்டங்களில் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களுக்குள் செலுத்துவதும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும், லயங்களைக் கொசு பெருகும் இடங்களிலிருந்து விலக்கி அமைப்பதும் கையாளப்பட்டன. லயத்தின் சுவரை மட்டும் பார்த்தவர்களுக்கு எட்டாத உண்மை, அது நிற்கும் நிலத்தைப் பார்த்தவர்க்கு எட்டியது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த பணி இது என்பதில் ஐயமில்லை.

சட்டமும் பின்தொடர்ந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் தந்த அழுத்தத்தால் 1923இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு திருத்தியமைக்கப்பட்டது. குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்கான பள்ளி ஆகியவை முதலாளியின் கடமைகளாயின. (நம் தமிழ்ப்பள்ளிகள் பல லயத்தின் ஓரறையிலோ கோயில் கொட்டகையிலோ தொடங்கியதை ஆசிரியர்கள் அறிவர்.) ஒட்டு லயங்கள் படிப்படியாக ஒற்றை வரிசை லயங்களாகவும், சில தோட்டங்களில் இரு குடும்ப வீடுகளாகவும் மாறின.

இனி, அவ்வீடுகளில் வாழ்ந்தவர்கள் கேட்டதைப் பார்ப்போம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியல் நமக்குக் கிடைத்துள்ளது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றுடன் இரு கோரிக்கைகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும். அப்பட்டியலில் அறையின் அளவு முதன்மை பெறவில்லை. வாயிலும் வழியுமே பேசப்பட்டன. அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவசரகாலத்தில் (1948–1960) வாயில் மேலும் இறுகியது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் 1950 முதல் தோட்டக் குடியிருப்புகள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன. 1966இலும் 1990இலும் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டங்கள் கட்டடத்தின் தரத்தை உயர்த்தின. எனினும் வேலை போனால் வீடும் போகும் என்னும் பிணைப்பு நீங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்பு மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோதும், தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தோர் வெறுங்கையுடன் வெளியேறியதன் வேர் இதுவே. 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூனில் தோட்டங்களுக்கு அப்பால் பிற துறைகளுக்கும் விரிந்தது. விடுதியில் உறங்குமிடமாக ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

சிங்கப்பூரில் தமிழகத்தினரும் வங்காளதேசத்தினரும் பெருமளவில் தங்கும் விடுதிகளில் 2020இல் கோவிட் பரவியது. அவ்வாண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. வாட்சன் காலத்தைப் போலவே நோயே வரைபடத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரம் அறிவிக்கப்பட்டது: ஓர் அறையில் 12 பேருக்கு மிகாமல், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிவறை. பயனுள்ள மாற்றங்களே இவை, குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் பொதுமக்கள் நடமாட்டம் சீரடைந்த பின்னரும், வேலை தவிர்த்து வெளியே செல்ல இத்தொழிலாளர்க்கு 2022 ஜூன் வரை அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. இதனை எந்தச் சதுர மீட்டர்க் கணக்கும் காட்டாது. பழைய விடுதிகளுக்கு 2030க்குள் இடைக்காலத் தரமும், 2040க்குள் புதிய தரமும் என அரசு கால எல்லை வகுத்துள்ளது. அக்கால எல்லை முடிவதற்குள், 2020இல் அவ்வறைகளில் அடைபட்டிருந்தோரில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருப்பர்.